அலுமினிய வீட்டுக்கு யார் வண்ணம் பூசுவது?

சென்ற மாதம் எங்கள் வீட்டில் புத்தகம் பேசக் கூடிய நண்பர்களில் ஒருவர், விடைபெறும் வேளையில் வாசலில் காலணியை மாட்டிக்கொண்டே, "இந்தக் கோடையில் வீட்டு வெளிச்சுவருக்கு வண்ணம் பூசியாக வேண்டும். நாமே செய்துகொள்ளலாமா, ஆள் வைத்துச் செய்வதா?" என்று கேட்டார். அதுவரை ஒரு நாவலின் கடைசி அத்தியாயம் தேவைதானா என்று இரண்டு மணி நேரம் நிதானமாக விவாதித்துக்கொண்டிருந்த கூட்டம், இந்தக் கேள்விக்கு நொடியில் இரண்டாகப் பிரிந்தது. ஒரு சாரார் சிக்கனத்தையும் சுயமரியாதையையும் பேசினர். மறு சாரார் முழங்கால் வலியையும் ஞாயிற்றுக்கிழமைகளையும் பேசினர். நாங்கள் இருவரும் ஏதும் சொல்லவில்லை. சொல்லத் தொடங்கினால் எங்கள் வீட்டுச் சுவரின் பழைய கதையையும் சொல்ல நேரும். இரவு மணி பத்தரை ஆகியிருந்தது. அன்று விட்டதை இங்கே எழுதிவிடுகிறோம்.

நாங்கள் வசிப்பது ஒஹையோ மாநிலத்தில், க்ளீவ்லாந்து நகரின் தெற்கே உள்ள பார்மாவில். 1978 முதல் தியாகராஜர் ஆராதனை நடைபெற்று வருவதால் க்ளீவ்லாந்தின் பெயர் தமிழர் பலருக்குப் பரிச்சயமானது. ஆனால் அந்த விழாவுக்கு வந்து போகிறவர்கள் பார்மாவின் தெருக்களைப் பார்த்திருக்க வாய்ப்பில்லை. இரண்டாம் உலகப் போருக்குப் பின்னர், போர்முனையிலிருந்து திரும்பியவர்களுக்காகவும் ஆலைத் தொழிலாளர்களுக்காகவும் வரிசை வரிசையாக எழுந்த சிறு வீடுகளின் ஊர் இது. எங்கள் வீடும் அவற்றில் ஒன்று. தரைத்தளம், அதன்மேல் சரிந்த கூரைக்குள் ஒடுங்கிய ஓர் அறை. முன்னும் பின்னும் தாழ்ந்த சுவர்கள், கிழக்கிலும் மேற்கிலும் கூரை முகடு வரை முக்கோணமாக உயரும் சுவர்கள். மரச்சட்டங்களாலான சுவரின் மேல், மரப்பலகை போலவே வளைத்தெடுத்த மெல்லிய அலுமினியத் தகடுகள் ஒன்றின்மேல் ஒன்றாகப் படிந்து வீட்டைப் போர்த்தியிருக்கும். இதனை இங்கே சைடிங் என்கிறார்கள்.

இந்தத் தகட்டுக்கு ஒரு சுவையான முன்கதை உண்டு. போர்க்காலத்தில் விமானங்களுக்காகப் பெருகிய அலுமினிய உற்பத்தி, போர் முடிந்ததும் வேறு வேலை தேடியது. வீட்டுச் சுவர் அதற்கு வாகாகக் கிடைத்தது. எங்கள் ஊரிலிருந்து ஒரு மணி நேரத்துக்கும் குறைந்த தொலைவில் இருக்கும் ஆக்ரன் நகரில் 1947இல் தொடங்கப்பட்ட ஆல்சைட் நிறுவனம் இத்தொழிலின் முன்னோடிகளில் ஒன்று. எனாமல் பூசிச் சூளையில் சுட்டெடுத்த தகடு வீடு தேடி வந்தது. கூடவே, இனி வாழ்நாள் முழுக்கப் பெயின்ட் அடிக்கவே வேண்டாம் என்ற வாக்குறுதியும் வந்தது. பாரி லெவின்சன் இயக்கி 1987இல் வெளிவந்த 'டின் மென்' திரைப்படத்தைப் பார்த்தவர்களுக்கு அந்த வாக்குறுதிகள் எவ்விதம் விற்கப்பட்டன என்பது நினைவிருக்கும். 1963ஆம் ஆண்டின் பால்டிமோரில், அலுமினிய சைடிங் விற்கும் தரகர்கள் பிரபல சஞ்சிகைக்காகப் படம் எடுக்க வந்தவர்கள் போல ஒரு வீட்டின் முன் கேமராவோடு நிற்பார்கள். பழைய வீட்டுக்கும் புதுப்பித்த வீட்டுக்கும் உள்ள வித்தியாசத்தைக் காட்டும் கட்டுரை என்பார்கள். தன் வீடு எந்தப் பக்கத்துக்கு உதாரணம் என்று அந்த இல்லத்தரசி மெல்லப் புரிந்துகொள்ளும் கணத்தில் அரங்கம் சிரிக்கும். எங்களுக்கு இப்போது அக்காட்சியில் சிரிப்பு வருவதில்லை. அந்த அம்மையாரின் முகத்தில் நாங்கள் எங்களையே பார்த்திருக்கிறோம்.

சூளையில் சுட்ட எனாமலுக்கும் வயதாகும். நிறமியைப் பிணைத்து வைத்திருக்கும் பசை, வெயிலின் புறஊதாக் கதிர்பட்டு ஆண்டுதோறும் கொஞ்சம் கொஞ்சமாகச் சிதையும். பசை போன பின் நிறமித்தூள் மட்டும் சுவரின் மேல் அனாதையாக நிற்கும். உள்ளங்கையால் தடவினால் கை வெளுக்கும். நாங்கள் இந்த வீட்டுக்குக் குடிவந்த முதல் வாரம் எங்களில் ஒருவர் சுவரில் சாய்ந்து நின்று தொலைபேசியில் பேசிவிட்டு உள்ளே வந்தபோது, நீலச்சட்டையின் முதுகு முழுக்க வெள்ளை. கும்பகோணத்துப் பக்கத்துக் கிராமத்தில் பொங்கலுக்கு முன் வெள்ளையடித்த வீட்டில், "சுவத்துல சாயாதே" என்று நாளெல்லாம் அதட்டு வாங்கிய பையன், ஐம்பதாவது வயதில் அமெரிக்காவில் அதே முதுகோடு நின்றான். தொட்டியில் கொதித்து அடங்கிய சுண்ணாம்பில் நீலமும், ஒட்டிப் பிடிப்பதற்காகக் கஞ்சியோ வஜ்ஜிரமோ கலப்பார்கள். வஜ்ஜிரம் குறைந்தால் வெள்ளை முதுகுக்கு வரும். அங்கே அது வெள்ளையடித்த மறுநாளே தெரிந்துவிடும். இங்கே தெரிவதற்கு முப்பது நாற்பது ஆண்டுகள் ஆகின்றன. வித்தியாசம் அவ்வளவே.

2013இல் ஆள் வைத்துப் பூசினோம். மூன்று பேரிடம் விலை கேட்டோம். மூன்றாமவர் சொன்ன தொகை முதலாமவரின் தொகையில் பாதியைச் சற்றே தாண்டியிருந்தது. முதலாமவரின் தாளில் கழுவுதல் என்று ஒரு தனிவரி, அதற்கென இரண்டு நாட்கள், அதற்கென ஒரு தொகை. தண்ணீர் ஊற்றிச் சுவர் கழுவ இரண்டு நாட்களா என்று எங்களுக்குள் நகைத்துக்கொண்டோம். மூன்றாமவரின் தாளில் அந்த வரியே இல்லை. எங்களுக்கு அது நேர்மையாகத் தோன்றியது! மூன்றே நாட்களில் வீடு பளபளத்தது. அண்டை வீட்டார் பாராட்டினார்கள். இரண்டாவது குளிர்காலம் கழிந்த வசந்தத்தில், வெயில் அதிகம் விழும் தெற்குச் சுவரில் வண்ணம் பாம்புச்சட்டை போல உரியத் தொடங்கியது. உரிந்த துண்டு ஒன்றை எடுத்துத் திருப்பிப் பார்த்தோம். அதன் பின்புறம் மாவு தடவியதுபோல வெண்தூள். புதிய பெயின்ட் சுவரை ஒட்டவே இல்லை. சுவரின் மேலிருந்த தூளைத்தான் ஒட்டியிருந்தது.

குற்றம் யாருடையது? கழுவாமல் பூசியவருடையது என்று இரண்டு மாதம் சொல்லிக்கொண்டிருந்தோம். அவரைத் தேடியும் பார்த்தோம். தொலைபேசி எண் மாறியிருந்தது. ஆனால் அந்த மூன்று தாள்களும் மேசை இழுப்பறையில் அப்படியே இருந்தன. கழுவுவதற்கான கூலியை வேண்டாம் என்று தள்ளியவர்கள் நாங்கள். ஒரு வேலையில் எது வேலை என்று அறியாதவன், பேரம் பேசும்போது அந்த வேலையைத்தான் முதலில் வெட்டுவான்.

அடுத்த கோடையில் தெற்குச் சுவரை நாங்களே எடுத்துக்கொண்டோம். தாழ்ந்த சுவர், ஆறடி மடக்கேணி போதும். முதல் சனிக்கிழமை சுரண்டல். எங்கள் வீடு 1978க்கு முற்பட்டது. அமெரிக்க வீடுகளுக்கான பெயின்டில் ஈயம் தடைசெய்யப்பட்டது அவ்வாண்டில்தான் என்பதால், பழைய பூச்சில் ஈயம் இருக்கலாம் என்றே கொண்டு, தகட்டை நனைத்து நனைத்துச் சுரண்டினோம். கீழே பிளாஸ்டிக் விரிப்பு, மூக்கில் தூசி வடிகட்டும் முகமூடி. இவ்விடத்தில் சட்டத்தின் ஒரு வேடிக்கையைச் சொல்ல வேண்டும். 2010 ஏப்ரல் முதல், 1978க்கு முந்தைய வீடுகளில் பழைய பூச்சைக் கிளறும் வேலையைக் கூலிக்குச் செய்வோர் ஈயத்தூசியைக் கையாளும் பயிற்சியும் சான்றிதழும் பெற்றிருக்க வேண்டும் என்பது மத்திய விதி. தன் சொந்த வீட்டில் தானே வேலை செய்பவரை இந்த விதி கட்டுப்படுத்தாது. சட்டம் விலக்கு அளித்தது என்பது தூசிக்குத் தெரியாதே! வீட்டில் சிறு குழந்தை இருப்பவர்கள், நாமே செய்துகொள்ளலாம் என்று முடிவெடுக்கும் முன் இந்த ஒரு செய்தியையாவது நிறுத்தி யோசிக்க வேண்டும் என்பது எங்கள் உறுதியான கருத்து.

பிறகு கழுவல். சுவர் கழுவுவதற்கென்று விற்கும் காரத்தூளை வெந்நீரில் கரைத்து, நீண்ட கைப்பிடியுள்ள மென்தூரிகையால் கீழிருந்து மேலாகத் தேய்க்க வேண்டும். மேலிருந்து தொடங்கினால் அழுக்குநீர் உலர்ந்த தகட்டில் வழிந்து கோடுகளை விட்டுவிடும். அலசுவது மட்டும் மேலிருந்து கீழ். வாடகைக்குக் கிடைக்கும் அழுத்தநீர்க் குழல் வேலையைச் சுருக்கும் என்று அண்டை வீட்டார் ஆசை காட்டினார். அதைக் கீழிருந்து மேல்நோக்கிப் பீய்ச்சினால் தகடுகளின் இடுக்கு வழியே தண்ணீர் உள்ளே ஏறி மரச்சட்டத்தை நனைக்கும் என்பதால் தவிர்த்தோம். உலர்ந்தபின் கறுப்புத் துணியால் துடைத்துப் பார்த்தோம். துணி வெளுத்தது. மீண்டும் கழுவினோம். மீண்டும் வெளுத்தது. மூன்றாம் முறைதான் துணி கறுப்பாகவே திரும்பியது. ஒற்றைத் தாழ்சுவருக்கே ஒரு வார இறுதி முழுவதும் போயிற்று. முதலாமவர் தம் தாளில் எழுதிய இரண்டு நாட்கள் குறைவென்றே அப்போது தோன்றியது.

அடுத்து ப்ரைமர். பழைய எனாமலும் போய் உலோகமே தெரிந்த இடங்களில் அலுமினியத்துக்கென்று உள்ள ப்ரைமரைப் பூசவேண்டும். அம்மோனியா கலந்த தண்ணீர்ப் பெயின்ட் வெற்று அலுமினியத்தோடு வினைபுரிந்து நுண்குமிழிகளை எழுப்பிவிடும். மேற்பூச்சுக்கு நூறு சதவீத அக்ரிலிக் தண்ணீர்ப் பெயின்ட். ஏன் அக்ரிலிக் என்பதை எங்களில் கணக்கில் ஆர்வமுள்ளவர் தாளில் போட்டுப் பார்த்தார். அலுமினியம் ஒரு பாகை செல்சியஸ் சூடேறினால் பத்து லட்சத்தில் இருபத்து மூன்று பங்கு நீளும். பன்னிரண்டு அடித் தகடு, ஜனவரியின் உறைகுளிருக்கும் ஜூலையின் உச்சிவெயிலுக்கும் இடையே அறுபது பாகை மாற்றத்தைக் காண்கிறது என்று வைத்துக்கொண்டால், சுமார் ஐந்து மில்லிமீட்டர் நீண்டு சுருங்குகிறது. ஏறக்குறைய ஓர் அரிசியின் நீளம். இதற்காகவே தகட்டின் ஆணித்துளைகளை நீள்வட்டமாக வெட்டி, ஆணியை இறுக்காமல் தொங்கவிட்டிருப்பார்கள். சுவர் அசையாமல் நிற்கிறது என்று நாம்தான் நினைத்துக்கொண்டிருக்கிறோம். அதன்மேல் பூசும் வண்ணமும் அதனோடு நீண்டு சுருங்க வேண்டும். காய்ந்து விறைக்கும் எண்ணெய்ப் பெயின்ட் அதற்கு ஆகாது. அக்ரிலிக் ஓரளவு இழுபடும்.

வெயில் நேரே விழும் தகட்டில் பூசினால் பெயின்ட் பரவும் முன்னரே உலர்ந்து தூரிகைத் தடம் விழும். ஆகவே நிழலைத் தொடர்ந்து வேலை செய்ய வேண்டும். தெற்குச் சுவருக்கு நிழல் கிடைப்பது அரிது. காலை ஆறு மணிக்குத் தொடங்கி ஒன்பதரைக்கு நிறுத்துவோம். மாலையில் மேப்பிள் மரத்தின் நிழல் வந்ததும் மீண்டும் தொடங்குவோம். ஒருவர் உருளையால் தகட்டின் முகத்தில் பூசிச் செல்ல, மற்றவர் பின்னாலேயே வந்து தகட்டின் அடிவிளிம்பைத் தூரிகையால் முடிப்பார். முப்பது ஆண்டு மணவாழ்வில் நாங்கள் இத்தனை நேரம் ஒருவர் பின் ஒருவராக, அதிகம் பேசாமல், ஒரே திசையில் நடந்ததில்லை. மூன்று வார இறுதிகள். அந்தச் சுவர் இன்றும் உரியவில்லை.

இதை இப்படியே நிறுத்திவிட்டு, ஆகவே நாமே செய்வதே மேல் என்று முடித்திருந்தால் எங்கள் நண்பர்களில் ஒரு சாரார் கைதட்டியிருப்பார்கள். தன் வீட்டைத் தானே பழுதுபார்ப்பது இந்நாட்டில் கிட்டத்தட்ட ஒரு மதம். சனிக்கிழமை காலையில் அதன் கோவில்களான இரும்புச் சாமான் கடைகளில் எங்களைப் போன்ற பக்தர்களின் கூட்டத்தைக் காணலாம். இங்கே வந்து குடியேறிய நாம் அந்த மதத்துக்கு மாறும்போது ஒன்றை வசதியாக மறந்துவிடுகிறோம். நமக்குச் சுவர் பூசுவது ஒரு கோடைக்கால விருப்பம். விருப்பம் தீர்ந்தால் தூரிகையைக் கழுவி வைத்துவிடலாம். மார்க் ட்வெய்னின் டாம் சாயர், சித்தி விதித்த தண்டனையான வேலிக்கு வெள்ளையடிக்கும் வேலையை ஒரு சலுகைபோலக் காட்டி, மற்றச் சிறுவர்கள் தத்தம் பொக்கிஷங்களைக் கொடுத்து அதனைச் செய்யும்படி ஆக்கினான். 1876இல் வெளிவந்த அந்த அத்தியாயத்தைப் பள்ளியில் குறும்புக்கதையாக வாசித்தோம். இன்று வாசிக்கையில், கூலி என்ற ஒன்று சேர்ந்தவுடன் அதே செயல் எப்படி இழிவாகிவிடுகிறது என்பதைத்தான் அதில் காண்கிறோம். (அந்த வேலிக்கு மூன்று பூச்சு கிடைத்தது. 2013இல் எங்களுக்குக் கிடைத்தது ஒன்றரை.)

எங்கள் கிராமத்தில் வெள்ளையடிக்க வருபவர் எங்கள் தாத்தாவின் வயதுக்காரர். எட்டு வயதுச் சிறுவர்களான எங்களுக்கும் அவரைப் பெயர் சொல்லி அழைக்கும், 'நீ' என்று விளிக்கும் உரிமை அளிக்கப்பட்டிருந்தது. அவர் சாப்பாடு கொல்லைப்புறத்தில், இலையில். சுவரைத் தொட்ட அந்தக் கை வீட்டின் உட்புறச் சுவர்களையும் தொட்டுத்தான் வெளுத்தது. ஆனால் வெள்ளை காய்ந்தபின் அவர் உள்ளே வரலாகாது. சுண்ணாம்பு எத்தனை நாள் ஊற வேண்டும், கஞ்சி எவ்வளவு, மட்டையை எந்தப் பக்கம் முதலில் இழுக்க வேண்டும் என்பதெல்லாம் அவருக்குத் தெரிந்திருந்தது. அதையெல்லாம் அறிவென்று நாங்கள் எண்ணியதில்லை. கழுவும் வரிக்கு 2013இல் சிரித்தோமே, அந்தச் சிரிப்பை நாங்கள் அமெரிக்காவில் கற்றுக்கொள்ளவில்லை.

மேற்குச் சுவரும் கிழக்குச் சுவரும் மிஞ்சியிருந்தன. முகடு வரை இருபத்திரண்டு அடி. நீட்டேணி ஒன்றை வாடகைக்கு எடுத்து வந்தோம். நான்கடி உயரத்துக்கு ஓரடி வீதம் ஏணியின் அடியைச் சுவரிலிருந்து தள்ளி வைக்க வேண்டும் என்பது விதி. அப்படி வைத்தால் ஏணிக்கால் மலர்ப்பாத்தியின் இளகிய மண்ணில் நின்றது. கிழக்கு முகட்டின் பக்கத்தில்தான் தெருக்கம்பத்திலிருந்து வரும் மின்கம்பி வீட்டைத் தொடுகிறது. அலுமினியச் சுவர், அலுமினிய ஏணி, அருகே மின்கம்பி. எங்களில் ஒருவர் பத்தாவது படியில் நின்று ஒரு கையால் தூரிகையை நீட்டியபோது ஏணி ஓர் அங்குலம் வழுக்கிற்று. ஓர் அங்குலம்தான். இறங்கி வந்து இருவரும் புல்வெளியில் வெகுநேரம் உட்கார்ந்திருந்தோம். மறுநாள் ஏணியைத் திருப்பிக் கொடுத்தோம். சேமிக்கும் கூலி எவ்வளவாயினும் அது ஓர் இடுப்பெலும்புக்கு ஈடாகாது. கால் தரைக்கு அருகில் இருக்கும் வரைதான் நாமே செய்யலாம் என்ற பேச்சு.

இரண்டாம் முறை வந்தவர் உக்ரைனிலிருந்து இங்கு குடியேறியவர்; பார்மாவில் அவர்களுக்கென்று ஒரு கடைத்தெருவே உண்டு. அவர் வந்ததும் விலை பேசவில்லை. மேற்குச் சுவரை உள்ளங்கையால் ஒரு முறை தடவி, வெளுத்த கையை எங்களுக்குக் காட்டினார். நாங்கள் தலையாட்டினோம். "கழுவ ஒன்றரை நாள்" என்றார். "இரண்டு நாள் எடுத்துக்கொள்ளுங்கள்" என்றோம். அவர் எங்களைச் சற்று வியப்போடு பார்த்தார். வாடிக்கையாளர் யாரும் அவரிடம் அப்படிச் சொல்லியிருக்க மாட்டார்கள் போலும்.

பிறகு, நாங்கள் பெருமையோடு காட்டிய தெற்குச் சுவரைக் குனிந்து பார்த்தார். தகடுகளின் அடிவிளிம்பில், உள்ளே தேங்கும் ஈரம் வடிவதற்கென்று ஊசிமுனை அளவில் துளைகள் இருக்கும். நாங்கள் அவற்றைப் பழுதென்று எண்ணி, வெகு சிரத்தையாக இடுக்கடைக்கும் பசையால் ஒவ்வொன்றாக மூடியிருந்தோம். அவர் ஒன்றும் சொல்லவில்லை; சட்டைப்பையிலிருந்து ஒரு ஆணியை எடுத்து ஒவ்வொன்றாகத் திறந்துகொண்டே போனார். இருபது நிமிடம் ஆயிற்று. அதற்குக் கூலி கேட்கவில்லை. நாங்கள் கொடுத்தபோது மறுக்கவும் இல்லை.

ஆகவே நண்பரின் கேள்விக்கு எங்கள் விடை இரண்டு கட்சிக்கும் உவப்பானதாக இராது. ஆள் வையுங்கள், ஆனால் அதற்குமுன் ஒரு தாழ்ந்த சுவரை உங்கள் கையால் சுரண்டி, கழுவி, பூசிப் பாருங்கள். இயலாதவர்கள் ஒரே ஒரு தகட்டையாவது கறுப்புத் துணி கறுப்பாகத் திரும்பும்வரை கழுவிப் பாருங்கள். அதன்பின் உங்கள் கண் விலைத்தாளில் மொத்தத் தொகைக்குப் போகாது. எப்படிக் கழுவுவீர்கள், உலர எத்தனை நாள் விடுவீர்கள், உலோகம் தெரியும் இடத்தில் என்ன ப்ரைமர், பழைய வீடென்றால் ஈயச் சான்றிதழ் உண்டா, ஏணியிலிருந்து ஒருவர் விழுந்தால் காப்பீடு உண்டா என்று கேட்பீர்கள். நல்ல தொழிலாளி இக்கேள்விகளை வரவேற்கவே செய்வார். பெயின்டின் விலையைக் குறைத்துக் கேளுங்கள், கவலையில்லை. ஒரு கேலன் சுமார் நானூறு சதுர அடி வரை பிடிக்கும்; ஆயிரத்தைந்நூறு சதுர அடிச் சுவருக்கு இரண்டு பூச்சென்றால் எட்டு கேலன். அது மொத்தத்தில் சிறு பங்குதான். மீதியெல்லாம் மனிதரின் நேரம். அங்கே கை வைக்காதீர்கள்.

இந்தத் தொல்லைக்குப் பதில் எல்லாவற்றையும் பெயர்த்தெறிந்து வினைல் மாட்டிவிடலாமே என்று கேட்ட நண்பரும் அன்று இருந்தார். அரை நூற்றாண்டுக்கும் மேல் துருப்பிடிக்காமல் நின்ற, தீப்பற்றாத ஒரு தகட்டை, வெளுத்துப்போனதற்காகக் கழற்றிவிட்டு பிளாஸ்டிக்கைப் போர்த்துவதில் எங்களுக்கு உடன்பாடில்லை. வினைலும் இனி வாழ்நாளில் பெயின்ட் வேண்டாம் என்ற அதே வாக்குறுதியோடுதான் விற்கப்படுகிறது.

வடக்குச் சுவர் எங்களுடைய பங்கு. அதில் வெயில் விழாததால் இன்னும் உரியவில்லை. கூரையடியில் மட்டும் பாசி பிடித்திருக்கிறது. மே மாதக் கடைசியில் இரவுக் குளிர் பத்துப் பாகைக்குக் கீழே இறங்காத வாரமாகப் பார்த்துத் தொடங்குவதாக இருக்கிறோம். கேள்வி கேட்ட நண்பர், கழுவும் நாளன்று தாமும் வருவதாகச் சொல்லியிருக்கிறார். பழைய சட்டை ஒன்றை எடுத்து வரும்படி சொன்னோம். கறுப்பாக இருந்தால் நல்லது.